மாதுளைச் சந்து, ஒன்பதாம் எண்

ஸ்பெயினுக்குப் புறப்பட்ட செண்பகவல்லி கோவில்பட்டி வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து, "செடிக்குத் தண்ணி ஊத்தணும்லக்கா, குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டாள். பட்டுப்போனால் வேறு செடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பெங்களூரிலிருந்து மகன் போனில் கேட்டான். பக்கத்தில் நின்று மருமகள்தான் கேட்கச் சொல்லியிருப்பாள் என்று தோன்றவே, காது கேட்காதவள் மாதிரி வைத்துவிட்டாள். கதவிலேயே பதித்த திண்டுக்கல் பூட்டின் சாவி அது, உள்ளங்கை நீளம், நல்ல இரும்பு. உள்பாவாடையில் ஒரு பை தைத்து, அதில் சாவியைப் போட்டு, இரண்டு ஊக்குக் குத்திக்கொண்டாள். விமான நிலையத்தில் அதை வெளியே எடுக்கச் சொல்லி ஒரு தட்டில் வைத்து உருட்டிப் பார்த்தபோது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே நடந்தாள்.

முப்பத்து நான்கு வருஷம் பத்திரப்பதிவுத் துறையில் இருந்தவள். அதில் கடைசிப் பதினேழு வருஷம் சார்பதிவாளர். கையெழுத்தைப் பார்த்தால் கை நடுங்கியதா மனசு நடுங்கியதா என்று சொல்வாள். "அந்தம்மா தன் நிழல்கிட்டயே அடையாள அட்டை கேக்கும்" என்று பத்திரம் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது, அவள் கோபித்துக்கொண்டதில்லை.

பத்தொன்பது பேர் கொண்ட சுற்றுலாக் கூட்டத்தில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் பழனாத்தாள், திருப்பூரில் பனியன் தைக்கும் கம்பெனி வைத்திருப்பவள், யாரைக் கண்டாலும் ஐந்து நிமிஷத்தில் உறவு கண்டுபிடித்துவிடுகிறவள். ஏழாம் நாள் காலையில் அந்தக் கூட்டம் தோர்மேசா என்ற பழைய நகரத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓட, நடுவில் குன்றின்மேல் மஞ்சள் கல்லால் கட்டிய ஊர். பஸ் உள்ளே போகாது, நடந்துதான் பார்க்கவேண்டும். நடத்திக் காட்ட இனேஸ் என்ற பெண் பச்சைக் குடையோடு வந்து நின்றாள். அவளுடைய சுற்றுலா ஆங்கிலமும் செண்பகவல்லியின் ஆபீஸ் ஆங்கிலமும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. மற்றவர்களுக்குச் செண்பகவல்லியே தமிழில் சொன்னாள், சொல்லும்போதே தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

ஆற்றுப் பாலத்துக்குப் பன்னிரண்டு வளைவு என்றாள் இனேஸ். செண்பகவல்லி எண்ணிப் பார்த்தாள், பதினொன்றுதான் இருந்தது. கேட்டதற்கு, ஒன்று மாவு மில்லுக்கு அடியில் மறைந்திருக்கிறது என்று பதில் வந்தது. மில்லைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த அடி எடுத்து வைத்தாள். கூட்டம் வெயிலில் காத்து நின்றது. "இருக்குதுங்களாக்கா?" என்றாள் பழனாத்தாள். "இருக்கு. ஆனா புதுசாக் கட்டுன மாதிரித் தெரியுது" என்றாள் செண்பகவல்லி.

பெரிய கோயிலும் சந்தையும் பார்த்து முடித்து, இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் உரசுகிற ஒரு சந்துக்குள் இனேஸ் கூட்டத்தை அழைத்துப் போனாள். மாதுளைச் சந்து என்று பெயர். ஏழாம் எண் ரொட்டிக்கடை, பதினோராம் எண் மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒன்பதாம் எண், ஆணி அடித்த கனத்த கதவு, பூட்டியிருந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், வேறு மாதிரிச் சாமி கும்பிட்டார்கள் என்பதற்காக ஒரு சனத்தையே நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள் என்றும், போனவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனார்கள் என்றும், இந்த வீட்டுக்காரர்கள் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு போனதால் அன்றிலிருந்து இன்றுவரை சந்து அதைப் பார்த்துக்கொள்கிறது என்றும், வாசலை ஏழாம் எண் கூட்டும், உள்ளே நிற்கும் மாதுளைக்குப் பதினோராம் எண் மதில் மேலிருந்து குழாய் பிடிக்கும், கதவை மட்டும் யாரும் உடைத்ததில்லை என்றும் இனேஸ் சொன்னாள். பிறகு எல்லாருடைய சாவியையும் எடுக்கச் சொன்னாள். வருகிறவர்கள் அத்தனை பேரும் போட்டுப் பார்ப்பது இங்கே வழக்கமாம்.

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டிச் சாவி, கார் சாவி, ஒருவர் ஓட்டல் அறையின் அட்டையைக்கூடச் செருகிப் பார்த்தார். எந்தெந்த மடியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜேப்படிக்காரர்கள் செய்து வைத்த ஏற்பாடு என்பது செண்பகவல்லிக்கு உடனே புரிந்துவிட்டது. மாடி ஜன்னல்களில் யார் நின்று பார்க்கிறார்கள் என்று அண்ணாந்து தேடினாள்.

"போடுங்கக்கா, நீங்க மட்டும் பாக்கி" என்றாள் பழனாத்தாள்.

"எங்கிட்டச் சாவி இல்ல."

"குளிச்சுட்டு வந்து ஊக்குக் குத்தறதை நாந்தான் தெனமும் பாக்கறனுங்களே!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இனி மறைத்துப் பயனில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சாவியை எடுத்துக் கதவில் நுழைத்தாள். வீட்டில் செய்கிற மாதிரியே ஒரு சுற்று, பிறகு கதவைத் தன் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்து இன்னொரு சுற்று. அந்த இழுப்பைக் கை தானாகவே செய்தது. பூட்டு திறந்தது. கதவு உள்ளே போனது.

திறந்த கதவைப் பார்த்துச் சந்து ஆச்சரியப்படவில்லை. ரொட்டிக்கடையிலிருந்து மாவுக் கையோடு இறங்கி வந்த அசுன்சியோன் என்ற பருத்த பெண்மணி, செண்பகவல்லியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டு, மூச்சு விடாமல் குறை சொல்ல ஆரம்பித்தாள், இனேஸ் மொழிபெயர்த்தாள். ஒன்பதாம் எண்ணின் கூரை ஓட்டுத் தண்ணீர் தன் சுவரில் இறங்குகிறது, மாதுளையின் வேர் தன் அடுப்புத் தரையைத் தூக்குகிறது, அவள் அம்மா காலத்திலிருந்து சொல்லவேண்டும் என்று வைத்திருந்ததாம், சொல்ல ஆள் இல்லாமல் போயிற்றாம். மேலும் கீழுமாக மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். எப்படித் திறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தர் நாற்காலி கொண்டுவந்தார், ஒருத்தர் விளக்குமாறு கொண்டுவந்தார், காலையில் ரொட்டி எத்தனை மணிக்கு வேண்டும், மென்மையாகவா முறுகலாகவா என்று கேட்டார்கள்.

சந்து இப்படி என்றால் சுற்றுலாக் கூட்டம் அதற்கு மேல் இருந்தது. வாசலில் பத்தொன்பது ஜோடிச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், முற்றத்தைப் பார்த்து, கிணற்றைப் பார்த்து, கரூர்க்காரர் ஒருவர் அக்கினி மூலை எது என்று செல்போனில் திசை பார்த்துச் சொல்ல, பழனாத்தாள் ரொட்டிக்கடையில் பாலும் பாத்திரமும் அடுப்பும் வாங்கி வந்து பால் காய்ச்சிவிட்டாள். பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் பால் பொங்க வைப்பதுதான் முறை போலிருக்கிறது என்று சந்துக்காரர்கள் தலையாட்டிக்கொண்டு ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். யாரோ கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். அசுன்சியோன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, வெல்லமா என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

செண்பகவல்லி மட்டும் உட்காரவில்லை. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். ஏமாந்த சொத்துக்காரனுக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்!

"மூலப்பத்திரம் எங்க?" என்று இனேஸிடம் கேட்டாள்.

"இல்லை."

"நாலு எல்லை சொல்லட்டும்."

சொன்னார்கள். வடக்கே ரொட்டிக்கடை, தெற்கே பதினோராம் எண், மேற்கே ஆற்றுச் சரிவு, கிழக்கே சந்து. குழந்தைகள்கூட ஒப்பித்தன. ஒப்பிக்கிற சாட்சிதான் ஆபத்தான சாட்சி என்று அவள் நினைத்துக்கொண்டாள். கதவை எல்லார் முன்னாலும் மறுபடி பூட்டி, மற்ற பதினெட்டு பேர் சாவியையும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வைத்தாள். தன் சாவியைக் காகிதத்தில் வரைந்து, பூட்டுக்காரரை அழைத்து அதே மாதிரி வெட்டித் தரச் சொல்லி, அதையும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் திரும்பவில்லை. அவளுடையது மட்டும், ஒரு சுற்று, ஒரு இழுப்பு, இன்னொரு சுற்று. மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. சந்துக்காரர்களும் கூட்டத்தாரும் முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டே, நல்ல வழக்கு பார்ப்பது போல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பதினோராம் எண் மாடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே இன்னொரு பச்சைக் குடை விரிந்திருப்பதைப் பார்த்தாள்.

"அது யார் வீடு?"

"என் வீடு" என்றாள் இனேஸ்.

இழுத்தால் வருகிற நூல் கையில் அகப்பட்டுவிட்டது. இழுத்தாள். வந்தது. ஒரு ஓட்டல் கம்பெனி இந்தச் சந்தை முழுசாகக் கேட்கிறது. உரிமையாளர் இல்லாத வீட்டை வருகிற வெள்ளிக்கிழமை நகரசபை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். நடு வீடு போய்விட்டால் இரண்டு பக்கச் சுவரும் நிற்காது. ரொட்டிக்கடையும் போகும், இனேஸின் வீடும் போகும்.

"ஆக, உங்களுக்கு ஒரு ஆள் வேணும். நாலெழுத்து படிக்கத் தெரியாத வெளியூர்க் கிழவி யாராவது வந்து மாட்டினா, கையெழுத்து வாங்கிக்கலாம். அதானே?"

இனேஸ் அதை அசுன்சியோனிடம் மொழிபெயர்த்தாள். அசுன்சியோன் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

"எங்களுக்கு ஆள் வேணும்தான். அதை நாங்க மறைக்கல. அதுக்காகச் சாவி திரும்பலேன்னு ஆயிடுமா, சென்யோரா? திருப்பினது உங்க கைதானே?"

செண்பகவல்லி கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தாள்.

நகரசபை குமாஸ்தா ஒரு பெரிய பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். யாரோ போன் போட்டிருக்கிறார்கள். மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாவியை வாங்கிப் பார்க்கவில்லை, அடையாளம் கேட்கவில்லை. "நான் பார்க்கும்படி ஒரு தடவை திறந்து காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். திறந்து காட்டினாள். அவர் குனிந்து பூட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பேரேட்டைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, தேதி எழுதி, பெயருக்கு நேராக இடம் விட்டு அவளிடம் நீட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றாள் செண்பகவல்லி. "ஒரு காகிதமும் வேண்டாமா?"

"வந்தேன், திறந்தது, பார்த்தேன்" என்றார் குமாஸ்தா. "வேறென்ன எழுதுவது?"

அவள் முற்றத்துக்குப் போய்க் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். பழனாத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன என்று கேட்காமல் முதுகைத் தடவினாள். யாரிடமும் சொல்லாத ஒன்றை அங்கே வைத்துத்தான் செண்பகவல்லி சொன்னாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் குருவையா என்று ஒருத்தர் அவளுடைய ஆபீசுக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிச் சம்பாதித்து அவர் கட்டின வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டை யாரோ, விற்கிற அதிகாரத்தை அவரே பவர் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி அன்றைக்கு இன்னொருத்தருக்குக் கிரயம் செய்ய வந்திருந்தார்கள். அவர்களிடம் எல்லாக் காகிதமும் இருந்தது, அச்சடித்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. குருவையா கையில் ஒரு சாவி மட்டும் இருந்தது. "தாயி, நான் யாருக்கும் கையெழுத்துப் போடலை. நடந்தா பத்து நிமிசம். நீங்க வந்து பாருங்க, இந்தச் சாவி போட்டாத்தான் அந்த வீடு திறக்கும்" என்றார். சாவி பத்திரம் ஆகாது, அடுத்தவங்க வாங்க என்று சொல்லிவிட்டு அவள் பதிவு செய்தாள். சட்டப்படி அதில் தப்பில்லை. மூன்று நாள் அவர் ஆபீசுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார், பிறகு காணோம். இரண்டு வருஷம் கழித்து வேறொரு வழக்கில் அந்தப் பவர் போலி என்று தெரிந்தபோது வீடு இடிந்து கடை ஆகியிருந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

"பத்து நிமிசம் நடந்திருக்கலாம்" என்றாள்.

பழனாத்தாள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தய்யா இருக்கறாருங்களா, போயிட்டாருங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது. விசாரிக்கப் பயந்துக்கிட்டு விசாரிக்கல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டூர் மேனேஜர் வாசலில் நின்று கத்தினார். செண்பகவல்லி எழுந்தாள், சேலையை உதறிக்கொண்டாள், குமாஸ்தாவிடம் போய்ப் பேனாவை வாங்கினாள். அவள் பெயரை எழுதப்போகிறாள் என்று சந்து மொத்தமும் எட்டிப் பார்த்தது. தன் வாழ்நாளில் ஒரு பொய்ப் பதிவுக்கும் தெரிந்து துணைபோகாத கை, நல்ல வட்டமான தமிழ் எழுத்தில், உரிமையாளர்: குருவையா, கோவில்பட்டி, என்று எழுதியது. அதற்குக் கீழே, சாவி கொண்டுவந்தவர் செண்பகவல்லி என்று கையெழுத்துப் போட்டது.

இனேஸ் தோளுக்கு மேலாகப் பார்த்து, "இது உங்கள் பெயரா?" என்று கேட்டாள்.

"இல்ல. வீட்டுக்காரர் பேரு. அவர் வருவார்."

"எப்போது?"

"அது இனிமேதான் தெரியும்."

குமாஸ்தா மையை ஊதிக் காயவைத்தார். இனேஸ் சொன்னதைக் கேட்டு அசுன்சியோன் பெரிதாகத் தலையாட்டினாள். ஐந்நூறு வருஷம் காத்திருந்த சந்து அது, இன்னும் கொஞ்ச நாள் என்பது அதற்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அவர் முறுகல் ரொட்டி சாப்பிடுவாரா, பல் எப்படி என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் செண்பகவல்லி தன் வீட்டைத் திறந்து உள்ளே போய், ஆசாரியை வரச் சொல்லி, கதவிலிருந்து அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு வேறு பூட்டுப் போட்டாள். குருவையாவைத் தேட மூன்று வாரம் ஆயிற்று. பழைய தீப்பெட்டி ஆபீஸ்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, கழுகுமலையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கடைசியில் துப்புக் கிடைத்தது. எழுபத்தெட்டு வயசு. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

அவள் சாவியை நீட்டி நடந்ததை நடந்தபடி சொன்னாள். முழுசும் கேட்டுவிட்டு, "இப்ப எதுல கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"எதுலயும் வேண்டாம்."

"பின்ன எதுக்கு வந்தீக?"

"மன்னிப்புக் கேட்க."

"மன்னிப்புக் கேக்க வந்தவுக வெறுங்கையோட வருவாக. வீட்டைக் கொண்டாந்து குடுக்கமாட்டாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் பஸ் ஏறினாள். ஒருநாள் வாசலில் நிறுத்தி வைத்தே, அந்த ஊரில் தண்ணீர் எப்படி என்று கேட்டார். கிணறு இருக்கிறது என்றாள். இன்னொரு நாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி என்று கேட்டார். ரொம்பக் குறை சொல்வார்கள், ஆனால் வாசல் கூட்டுவார்கள் என்றாள். அவள் ஏதோ மறைக்கிறாள் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்ததால், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் அவளுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

பதினோராம் நாள் இனேஸ் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். பேரேட்டைப் பார்த்து நகரசபை வீட்டை விட்டுவிட்டதாம், கூரைக்குப் புது ஓடு மாற்றியாயிற்றாம், அவர் எப்போது வருகிறார் என்று அசுன்சியோன் தினமும் கேட்கிறாளாம். பேரேட்டில் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து யாரோ தூரிகையால் கதவில் வெள்ளையாக எழுதியிருந்தார்கள், குருவையா என்று. செண்பகவல்லி போனை அவரிடம் கொடுத்தாள். அவர் வெயிலுக்குக் கையை மறைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் நீட்டிப் பார்த்தார்.

"ரு-வுக்குச் சுழி தப்பு" என்றார்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல."

"அன்னைக்கு அவுக காகிதத்துல ஒரு சுழி தப்பில்ல. இது தெரியாதவுக எழுதினதுதானா?" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார். சாவியை அன்றைக்கும் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் போனபோது குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். இன்னும் நம்பாத கண்ணோடு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குருவையா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிக்கையில திருநீற அழிக்கச் சொல்லுவாகளா தாயி?"